ஷுல்கியின் வாத்து

கட்டபெட்டு இலை மண்டிக்குச்
சொல்லாமல் போனேன்.
ஜீப்பில் என் மடிமேல்
நீலத்துணி விரித்த பெட்டி,
அதில் பித்தளை எடைகள்.
இருபது கிலோ மட்டும் காலடியில்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
என் செருப்பைத் தேடி நகர்ந்து வந்தது.

ஷுல்கி நாற்பத்தெட்டு வருடம் ஆண்டான்.
ஊர் என்பதே அவன் ஊரின் பெயர்.
அதை வைத்து உறவு கொண்டாடுகிறவர்கள்
எங்கள் ஆபீசிலும் இரண்டு பேர் உண்டு.
நான் அந்தக் கட்சி இல்லை.

உயிரோடு இருக்கும்போதே
தன்னைக் கடவுள் என்று எழுத வைத்தவன்.
நிப்பூருக்கும் ஊருக்கும் ஒரே நாளில்
போக நூறு மைல், வர நூறு மைல்,
ஆலங்கட்டி மழையில் ஓடினேன் என்றான்.
பார்த்தவர் யாரும் மறுக்கவில்லை.
மறுத்திருந்தால்
எழுதுகிறவனும் அவன் சம்பளக்காரன்தான்.

அவன் ஆண்டுகளுக்கு எண் கிடையாது.
பெயர் உண்டு.
மகளை மர்ஹஷிக்கு அரசியாக்கிய ஆண்டு.
சிமுர்ரும் ஒன்பதாம் முறை அழிக்கப்பட்ட ஆண்டு.
ஒன்பதாம் முறை!
எட்டு முறை எரிந்தபின்னும்
அங்கே யாரோ கூரை போட்டிருக்கிறார்கள்.
அவர்கள் பெயரில் ஆண்டு இல்லை.

ஆனாலும் எனக்கு அவனைப் பிடிக்கும்,
தொழில் பாசம்.
நாட்டின் எடைக்கற்களைத் திருத்தினான்.
கல்லில் ஒரு வாத்து,
கழுத்தைத் திருப்பி
முதுகில் அலகைச் சாய்த்துத் தூங்கும் வாத்து.
அதன்மேல் எழுத்து:
ஐந்து மனா, உறுதி செய்யப்பட்டது.
நான் ஈயத்தில் அடிக்கிற முத்திரைக்கும்
அதே அர்த்தம்தான்.

மண்டித் தராசில் சிவப்பு எண்கள்.
இருபது கிலோவை ஏற்றினேன்.
பதினெட்டு புள்ளி நாலு.

போஜராஜ் மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார்.
"இலையில தண்ணி நிக்கும், மேடம்."
பித்தளையில் நிற்காது என்றேன்.
"சாக்கு எடை கழிக்கணுமே."
சாக்கு எங்கே என்றேன்.
வரிசையில் நின்ற பெண்கள்
சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள்.

நோட்டீஸ் எழுதினேன்.
மூன்றாம் முறை என்று எழுதும்போது
பேனா கொஞ்சம் நின்றது.

முத்திரை அரக்கு ஆறும்வரை
சூசைமரியிடம் பேசிக்கொண்டிருந்தேன்.
கந்தப்பளையில் பிறந்து
இங்கே கொழுந்து கிள்ள வந்தவர்.
வாத்தைச் சொன்னேன், ராஜாவைச் சொன்னேன்.
அவர் ஓட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
"கூலி எவ்வளவு குடுத்தான்?"

களிமண் ஏட்டில் இருக்கிறது.
மாதம் ஆணுக்கு அறுபது படி வாற்கோதுமை,
பெண்ணுக்கு முப்பது.

"படி சரியா இருக்குமா?"

சரியாக இருக்கும்.
அதற்குத்தானே அவன்.

"அப்ப அந்த முப்பது
முப்பதாத்தான் இருந்திருக்கும்."

ஆமாம் என்றேன்.
இடுப்புப் படுதாவை இறுக்கிக் கட்டியபடி
போகிற போக்கில் கேட்டார்:
"அந்த வாத்து
நெசமாவே தூங்குச்சா மேடம்?"

ஒரசோலை தாண்டும் முன் ஆலங்கட்டி.
தகரத்தில் யாரோ
படி படியாக அளந்து கொட்டுகிற சத்தம்.
கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை,
ஹாலன் ஓரம்கட்டி
பீடிக்கு நெருப்பு தேடினான்.

சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
ஏழெட்டுப் பெண்கள்
எங்களைக் கடந்து போனார்கள்.
ஓடவில்லை. நடந்தார்கள்.
எத்தனை தூரம் என்று நான் கேட்டதில்லை.

டைரியைத் திறந்து
ஆண்டின் எண்ணை அடித்தேன்.
கட்டபெட்டு தராசு
மூன்றாம் முறை திருத்தப்பட்ட ஆண்டு
என்று எழுதி
அதையும் அடித்தேன்.

காலடியில் இருபது கிலோ
இப்போது அசையவில்லை.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்,
கண் மூடியிருக்கிறதா என்று.